ஒரே மாடல், வேறு போர்டு: பழைய லேப்டாப்போ மாற்று மதர்போர்டோ வாங்கும் முன்

மூடியில் ஒட்டியிருக்கும் மாடல் பெயரை நம்பியதாலும், கடையிலேயே ஓட்டிப் பார்க்காததாலும் பெங்களூருக்கு இரண்டு முறை வெட்டியாகப் போய் வந்தவன் நான். தங்கச்சிக்கு பர்கூர் அரசு பொறியியல் கல்லூரியில் இடம் கிடைத்தபோது 17,500 ரூபாய்க்கு ஒரு செகண்ட்ஸ் லேப்டாப் வாங்கிக் கொடுத்தோம். நாலு மாதம் நன்றாக ஓடியது. ஒரு ராத்திரி இடியும் மழையுமாக காவேரிப்பட்டணத்தில் கரண்ட் போவதும் வருவதுமாக இருந்தது. லேப்டாப் சார்ஜில் கிடந்தது. காலையில் ஆன் ஆகவில்லை.

போர்டை மாற்றுவதுதான் வழி என்று ஆனதும், மாடல் பெயரைச் சொல்லி ஒரு போர்டு வாங்கி வந்தேன். பெயர் அதேதான். ஆனால் அதில் தனி கிராஃபிக்ஸ் சிப் இருந்தது, எங்கள் ஹீட்சிங்க், அதாவது சூட்டை இழுத்து வெளியேற்றும் உலோகப் பாகம், அதில் உட்காரவே இல்லை. அதைத் திருப்பிக் கொடுத்து இன்னொன்று வாங்கினேன். அது கச்சிதமாகப் பொருந்தியது, ஆனால் எந்தக் கம்பெனியோ போட்டுவைத்த பாஸ்வேர்டு கேட்டது. மூன்றாவது போர்டுதான் ஓடியது. கணக்கு இது: போர்டு 5,500, முதல் போர்டைத் திருப்பியதில் பிடித்துக்கொண்டது 1,000, மூன்று முறை பஸ்ஸும் சாப்பாடும் 1,800, கழற்றி மாட்டிய கூலி 1,300, முதலில் பரிசோதித்ததற்கு 400. மொத்தம் 10,000 ரூபாய். ஒழுங்காகச் செய்திருந்தால் 7,800-ல் முடிந்திருக்கும்.

எங்கள் மெஷின் எந்தக் கம்பெனி என்பது இங்கே தேவையில்லை. இந்தச் சிக்கல் எல்லாக் கம்பெனியிலும் உண்டு. உதாரணம் காட்ட வேண்டிய இடங்களில் லெனோவோவின் திங்க்பேட் டி480-ஐ எடுத்துக்கொள்கிறேன். நம் பக்கம் செகண்ட்ஸ் கடைகளில் அடிக்கடி கண்ணில் படுகிற மெஷின், அதைப் பற்றி வெளிப்படையாகத் தெரிந்த விவரமும் நிறைய.

1. மாடல் பெயரை ஒரு குடும்பப் பெயராக மட்டும் பாருங்கள்

ஒரே பெயரில் விற்ற லேப்டாப்பில் பிராசசர் நாலு விதம் இருக்கும். தனி கிராஃபிக்ஸ் சிப் உள்ளது, இல்லாதது என்று இரண்டு வகை இருக்கும். பிராசசர் இப்போது பெரும்பாலும் போர்டோடு பற்றவைத்தே வருகிறது. ஆகவே போர்டு வாங்குவது என்றால் பிராசசரையும் சேர்த்து வாங்குவது என்று அர்த்தம். டி480-ல் ஐ5-8250யூ, ஐ5-8350யூ, ஐ7-8550யூ, ஐ7-8650யூ எல்லாம் வந்தன. என்விடியா எம்எக்ஸ்150 சிப் உள்ள வகையும் தனியாக உண்டு. கிராஃபிக்ஸ் சிப் உள்ள போர்டுக்கு ஹீட்சிங்க் வேறு. நான் சறுக்கியது இந்த இடத்தில்தான்.

பெயருக்குப் பின்னால் ஒட்டும் ஒற்றை எழுத்தும் ஆளை ஏமாற்றும். டி480 வேறு, டி480எஸ் வேறு. டி480-ல் ரேம் போட இரண்டு ஸ்லாட் இருக்கிறது. டி480எஸ்-ல் ஒரு பகுதி ரேம் போர்டிலேயே பற்றவைத்தது, ஸ்லாட் ஒன்றுதான். அடுத்து வந்த டி490-லும் அதே கதை. என் கருத்தைக் கேட்டால், செகண்ட்ஸில் வாங்குபவர் இரண்டு ஸ்லாட் உள்ளதையே தேடுங்கள். ஸ்லாட்டில் உள்ள ரேம் கெட்டால் வேறு மாட்டிக்கொள்ளலாம். பற்றவைத்த ரேம் கெட்டால் சிப் லெவல் வேலை, அதாவது போர்டில் உள்ள சிப்பைத் தனியாக எடுத்து மாற்றும் வேலை தெரிந்தவரிடம் போக வேண்டும், இல்லையென்றால் போர்டையே மாற்ற வேண்டும்.

இன்னொரு எல்லைக்கோடு உண்டு. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்தது. விண்டோஸ் 11-க்கு, ஒன்றிரண்டு விதிவிலக்கு தவிர, இன்டெல் 8-ஆம் தலைமுறை முதல்தான் அதிகாரபூர்வமாக இடம். டி470-க்கும் டி480-க்கும் பார்வைக்குப் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் டி470-ல் இருப்பது 6, 7-ஆம் தலைமுறை. “2,000 ரூபாய்தானே கம்மி, ரெண்டும் ஒண்ணுதான் தம்பி” என்று கடைக்காரர் சொன்னால் தலையாட்டாதீர்கள்.

2. போர்டு எண்ணைக் கண்டுபிடியுங்கள்

மெஷின் ஓடுகிற நிலையில் இருந்தால் கழற்ற வேண்டியதில்லை. விண்டோஸ் தேடலில் சிஸ்டம் இன்ஃபர்மேஷன் என்று தட்டுங்கள். வருகிற பட்டியலில் பேஸ்போர்டு ப்ராடக்ட், பேஸ்போர்டு வெர்ஷன் என்று இரண்டு வரி இருக்கும். ஒவ்வொரு கம்பெனியும் அங்கே ஒவ்வொன்றை எழுதும். டெல்லில் சைபரில் தொடங்கும் ஆறெழுத்துப் பாகக் குறியீடும், ஏ00 போன்ற ரெவிஷனும், அதாவது போர்டு எத்தனையாவது திருத்தம் என்ற குறியும் வரும். எச்பியில் நாலெழுத்துக் குறியீடு. லெனோவோவில் போர்டு எண்ணுக்குப் பதிலாக மெஷின் டைப்தான் தெரியும். டி480 என்றால் 20எல்5 அல்லது 20எல்6 என்று தொடங்கும். அது பாதி விவரம்தான்.

மெஷின் செத்துக் கிடந்தால் அடி மூடியைக் கழற்றித்தான் பார்க்க வேண்டும். போர்டில் இரண்டு இடத்தில் எண் இருக்கும், இரண்டையும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலாவது, பச்சை அல்லது கறுப்புத் தகட்டின் மேல் வெள்ளை மசியில் அச்சடித்த எண். லேப்டாப் கம்பெனிகள் பெரும்பாலும் போர்டைத் தாங்களே செய்வதில்லை, தைவான், சீனக் கம்பெனிகள் செய்து கொடுக்கின்றன. அதனால் அச்சு எண்ணும் அவர்களுடையதாக இருக்கும். எல்ஏ என்று தொடங்கினால் காம்பல், டிஏ0 என்றால் குவாண்டா, 6050ஏ என்றால் இன்வென்டெக். லெனோவோ போர்டுகள் பலவற்றில் என்எம் என்று இருக்கும். பக்கத்திலேயே ரெவ் என்று போட்டு 1.0, 2.0, 1ஏ, இ போன்ற ஏதாவது ஒன்று இருக்கும். அதுதான் ரெவிஷன்.

இரண்டாவது, போர்டில் ஒட்டிய பார்கோடு ஸ்டிக்கர். லெனோவோவில் எஃப்ஆர்யூ எண், டெல்லில் டிபிஎன், எச்பியில் ஸ்பேர் பார்ட் எண். கடைசியில் நமக்கு உதவுவது இதுதான். வெறும் தகடு ஒன்றாகவே இருந்து, மேலே பதித்த சிப்புகள் வேறாக இருக்கலாம். ஒரே அச்சு எண்ணில் கிராஃபிக்ஸ் சிப் உள்ள போர்டும் வரும், அந்த இடம் காலியாக விடப்பட்ட போர்டும் வரும். அச்சு எண்ணை மட்டும் வாட்ஸ்அப்பில் அனுப்பினால் கடைக்காரர் கைக்கு அகப்பட்டதைத்தான் எடுத்து வைப்பார்.

எச்பி எண்ணில் கோட்டுக்குப் பிறகு வரும் 001, 501, 601 என்பதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். அது விண்டோஸ் உரிமம் பற்றியது, வன்பொருள் ஒன்றுதான்.

3. ரெவிஷன் வித்தியாசம் எப்போது முக்கியம்?

எல்லா ரெவிஷனுக்கும் பயப்பட வேண்டியதில்லை. பெரும்பாலும் ஒரு கெபாசிட்டர் இடம் மாறியிருக்கும், ஒரு ரெசிஸ்டர் மதிப்பு மாறியிருக்கும். அச்சு எண்ணும் ஸ்டிக்கர் எண்ணும் ஒத்துப்போனால், ரெவிஷன் 1.0 இருந்த இடத்தில் 2.0 மாட்டினாலும் பெரும்பாலும் ஓடும். மாட்டும் முன் கனெக்டர்களை மட்டும் ஒப்பிடுங்கள். டிஸ்ப்ளே கேபிள் சாக்கெட்டில் எத்தனை பின், சார்ஜர் செருகும் டிசி ஜாக் போர்டோடு பற்றவைத்ததா தனி ஒயரா, ஃபேன் பின் எத்தனை, பவர் பட்டன் ரிப்பன் எந்தப் பக்கம். பழைய போர்டின் போட்டோ கையில் இருந்தால் ஐந்து நிமிஷ வேலை. சுழியில் தொடங்கும் ரெவிஷன், அதாவது 0.1, 0.3 போன்றது கண்ணில் பட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அது பெரும்பாலும் விற்பனைக்கு முந்திய சோதனைப் போர்டு.

ரெவிஷனே உயிர்நாடியாக இருந்த நிகழ்வும் உண்டு. 2011 ஜனவரி 31-ல் இன்டெல், தன் இரண்டாம் தலைமுறை பிராசசர்களோடு வந்த 6-ஆம் வரிசை சிப்செட்டில் (பிராசசரை மற்ற பாகங்களோடு இணைக்கும் சிப்) பிழை இருப்பதாக அறிவித்தது. பி2 என்ற முதல் பதிப்பில் ஹார்டு டிஸ்க், டிவிடி டிரைவ் இணையும் சாட்டா போர்ட்டுகளில் 2 முதல் 5 வரை எண்ணுள்ளவை நாளாக நாளாகப் பலவீனமாகும், 0, 1 போர்ட்டுகளுக்கு ஒன்றும் ஆகாது. திருத்திய பதிப்பு பி3. இன்றும் அந்த இரண்டாம் தலைமுறை மெஷினை 6,000, 7,000 என்று யாராவது நீட்டினால், டிவிடி டிரைவ் இருந்த இடத்தில் ஹார்டு டிஸ்க் மாட்டலாம் என்று எண்ணும் முன் பி2-வா பி3-யா என்று பாருங்கள். என்னைக் கேட்டால் அந்தக் காசை அதில் போடாதீர்கள்.

வேறு சில சிக்கல் போர்டில் இல்லை, அதன் சிப்புகளுக்குள் எழுதியிருக்கும் மென்பொருளான ஃபர்ம்வேரில் இருக்கிறது. டி480 உட்பட 2017 முதல் 2019 வரையான பல திங்க்பேட்களுக்கு, யூஎஸ்பி-சி போர்ட்டை இயக்கும் தண்டர்போல்ட் சிப்பின் ஃபர்ம்வேரை உடனே புதுப்பிக்கும்படி லெனோவோ அறிவித்தது. புதுப்பிக்காவிட்டால் யூஎஸ்பி-சி போர்ட் வேலை செய்யாமல் போகலாம், அதன் வழியாகச் சார்ஜ் ஏறாமலும் போகலாம். டி480-ல் பழைய செவ்வக சார்ஜர் ஜாக் கிடையாது, சார்ஜ் ஏறுவதே யூஎஸ்பி-சி வழியாகத்தான். இரண்டு போர்ட் இருக்கிறது, இரண்டும் போர்டிலேயே பற்றவைத்தவை. கடையில் இரண்டிலும் சார்ஜரைச் செருகிப் பாருங்கள். ஒன்று மட்டும் வேலை செய்தால் “அது போதும்ணா, ரெண்டு எதுக்கு” என்பார்கள். அதற்கு விலையில் 1,500-ஆவது குறையுங்கள், அல்லது விட்டுவிடுங்கள்.

4. செகண்ட்ஸ் வாங்கும்போது கடையிலேயே செய்ய வேண்டியது

ஒரு மணி நேரம் ஒதுக்கிக்கொண்டு போங்கள். அவசரப்படுத்துகிற கடையில் வாங்காதீர்கள்.

முதல் வேலை பயாஸ், அதாவது விண்டோஸுக்கு முன்பே ஓடும் அடிப்படை அமைப்பு. ஆன் செய்ததும் இந்தப் பொத்தானை அழுத்தினால் அதற்குள் போகலாம்: லெனோவோ திங்க்பேட்டில் எஃப்1, டெல்லில் எஃப்2, எச்பியில் எஃப்10. உள்ளே போகப் பாஸ்வேர்டு கேட்டால் அங்கேயே நிறுத்துங்கள். திங்க்பேட்டில் சூப்பர்வைசர் பாஸ்வேர்டு மறந்துபோனால் போர்டையே மாற்ற வேண்டும் என்பது கம்பெனியே கையேட்டில் எழுதியிருக்கும் பதில். உள்ளே போக முடிந்தால் செக்யூரிட்டி பகுதியில் மெஷினைத் தூரத்திலிருந்தே கண்காணிக்கும் கம்ப்யூட்ரேஸ் அல்லது அப்சல்யூட் என்பது ஆக்டிவேட் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். ஆகியிருந்தால் பழைய கம்பெனி இன்னும் அந்த மெஷினைக் கைவிடவில்லை.

இரண்டாவது, இன்னும் நுட்பமான பொறி. பெங்களூர் ஐடி கம்பெனிகள் கழித்துக்கட்டிய மெஷின்கள் ஓசூர் வழியாக நம் பக்கம் நிறைய வருகின்றன. சில இன்னும் அந்தக் கம்பெனியின் ஆட்டோபைலட் பதிவில், அதாவது ஆபீஸ் மெஷின்களை நிர்வகிக்கும் மைக்ரோசாஃப்ட் பட்டியலில் இருக்கும். கடையில் ஓடும்போது ஒன்றும் தெரியாது. வீட்டுக்கு வந்து ஒருநாள் ரீசெட் செய்து இன்டர்நெட் கொடுத்ததும், முன்பின் தெரியாத கம்பெனியின் பெயரைப் போட்டு ஆபீஸ் மெயில் ஐடி கேட்கும். ஆகவே கடையிலேயே முழு ரீசெட் போடச் சொல்லி, உங்கள் மொபைல் ஹாட்ஸ்பாட்டில் இணைத்து, முதல் அமைப்பை நீங்களே முடியுங்கள். அரை மணிக்கு மேல் ஆகும். டீ குடித்துக்கொண்டு காத்திருங்கள்.

பேட்டரிக்கு விண்டோஸே ஒரு அறிக்கை தரும். கமாண்ட் ப்ராம்ப்ட்டில் powercfg /batteryreport என்று தட்டுங்கள். டிசைன் கெபாசிட்டி, ஃபுல் சார்ஜ் கெபாசிட்டி என்று இரண்டு எண் வரும். இரண்டாவது முதலாவதில் பாதிக்குக் கீழே போயிருந்தால் புது பேட்டரிக் காசைச் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். டச்பேட் லேசாக மேலே தூக்கிக்கொண்டு நின்றால் உள்ளே பேட்டரி உப்பியிருக்கிறது, தொடவே வேண்டாம்.

ஹின்ஜ், கீபோர்டு, கேமரா, ஸ்பீக்கர், எல்லா யூஎஸ்பி ஓட்டைகளும் வழக்கம்போலப் பாருங்கள். ஃபேனுக்கு மட்டும் கூடுதல் கவனம். கிருஷ்ணகிரி பக்கம் கிரானைட் பட்டறை ஓரத்தில் ஓடிய மெஷின் என்றால் ஃபேன் உள்ளே சிமெண்ட் பூசியது போலத் தூசி இருக்கும். 20 நிமிஷம் வீடியோ ஓடவிட்டு அடிப்பக்கச் சூட்டைக் கையால் பாருங்கள், சத்தத்தையும் கேளுங்கள்.

5. போர்டு செத்ததா என்று முதலில் உறுதி செய்யுங்கள்

“போர்டு டெட்” என்று இரண்டு நிமிஷத்தில் சொல்பவரை நம்பாதீர்கள். முதலில் வீட்டிலேயே: வேறு சார்ஜர் போட்டுப் பாருங்கள். சார்ஜர், பேட்டரி எல்லாம் கழற்றிவிட்டு பவர் பட்டனை 30 வினாடி அழுத்திப் பிடியுங்கள். ரேமைக் கழற்றி, தங்க நிறக் கால்களைப் பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, ஒவ்வொன்றாக, ஒவ்வொரு ஸ்லாட்டிலும் மாட்டிப் பாருங்கள். லைட் எரிந்து ஸ்கிரீன் மட்டும் இருட்டாக இருந்தால் டிவியில் எச்டிஎம்ஐ போட்டுப் பாருங்கள். டெட் என்று சொன்ன பல போர்டுகள் இங்கேயே உயிர்த்தெழும்.

இல்லையென்றால் சிப் லெவல் சர்வீஸ் செய்பவரிடம் கொடுங்கள். தர்மபுரி, கிருஷ்ணகிரி, ஓசூர் மூன்று ஊரிலும் ஆள் இருக்கிறார்கள். கொடுக்கும்போதே பரிசோதனைக் கூலி எவ்வளவு, சரி செய்யாவிட்டாலும் கொடுக்க வேண்டுமா என்று கேட்டுவிடுங்கள். ஷார்ட் எந்த லைனில், எந்த ஐசி (சிப்) போயிருக்கிறது என்று அவர் சொல்ல வேண்டும். சார்ஜிங் ஐசி, ஷார்ட் ஆன கெபாசிட்டர், பயாஸ் சிப் புரோகிராம் அழிந்தது போன்றவை போர்டு விலையில் பாதிக்கும் குறைவில் முடிகிற வேலைகள். எங்களுக்குப் பிராசசருக்குப் போகும் லைனே போயிருந்தது, அதனால்தான் மாற்றினோம்.

கிராஃபிக்ஸ் சிப்புக்கு ஹீட் வைத்து ஓட வைக்கிறேன் என்றால் மறுத்துவிடுங்கள். 2008 ஜூலையில் என்விடியாவே தன் லேப்டாப் சிப்புகளின் பேக்கேஜிங்கில் கோளாறு என்று ஒப்புக்கொண்டு 15 முதல் 20 கோடி டாலர் ஒதுக்கியது. கோளாறு சிப்பின் உள்ளேயே இருந்தது. வெளியே சூடு காட்டினால் சில வாரம் ஓடும், மறுபடி படுக்கும்.

6. போர்டு வாங்கப் போகும் நாள்

போவதற்கு முன்பே இரண்டு போட்டோவையும், பிராசசர் பெயரையும் அனுப்பி, கடையில் இருக்கும் போர்டின் ஸ்டிக்கர் போட்டோவை வாங்கிப் பொருத்திப் பாருங்கள். இதைச் செய்திருந்தால் என் முதல் பயணம் மிச்சம்.

எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த பெங்களூர் எஸ்பி ரோடு கிருஷ்ணகிரியிலிருந்து சுமார் 90 கிலோமீட்டர். காலை ஏழு மணி பஸ் பிடித்தால் சில்க் போர்டு சந்திப்பு நெரிசலைத் தாண்டிக் கடை திறக்கும் நேரத்துக்குச் சேரலாம். ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள், பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும். தர்மபுரிக்காரர்களுக்கு ரயிலும் இருக்கிறது, கிருஷ்ணகிரிக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. தமிழ் பேசினாலே அங்கே வேலை நடக்கும்.

பழைய போர்டைக் கையோடு எடுத்துப் போங்கள். துணியில் சுற்றாமல், ஸ்டேட்டிக் தடுக்கும் உறையில் போட்டு எடுங்கள். கடையில் அவர்கள் மேசையிலேயே ரேம், டிஸ்ப்ளே மாட்டி ஆன் செய்து காட்டச் சொல்லி, பயாஸ் உள்ளே போய்ப் பாஸ்வேர்டு இல்லை என்று பார்த்த பிறகே காசை எடுங்கள். என் இரண்டாவது பயணம் வீணானது இதைக் கேட்கக் கூச்சப்பட்டதால்.

பில் கட்டாயம். ஜிஎஸ்டி எண், போர்டின் ஸ்டிக்கர் எண், எத்தனை நாள் டெஸ்டிங் வாரண்டி, திருப்பினால் பணமா மாற்றுப் பொருளா, நான்கும் அதில் எழுத்தாக இருக்க வேண்டும். எனக்குக் கிடைத்தது வெறும் சீட்டு, அதனால்தான் 1,000 ரூபாயைப் பிடித்துக்கொண்டபோது பேச முடியவில்லை. பில் இருந்து கடைக்காரர் முரண்டு பிடித்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்கு அழைக்கலாம். 2019 நுகர்வோர் சட்டப்படி, கடை வெளியூரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். 5 லட்சம் வரை கொடுத்த பொருளுக்குக் கட்டணம் இல்லை. இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும்.

7. கழற்றும் முன், மாட்டிய பின்

டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் விண்டோஸின் பிட்லாக்கர் இருந்தால், அதன் சாவி பழைய போர்டில் உள்ள டிபிஎம் என்ற பாதுகாப்புச் சிப்பில் இருக்கிறது. போர்டை மாற்றியதும் 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கும். மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து அந்த எண்ணை முன்கூட்டியே எழுதி வையுங்கள். நீங்களாகப் போடாவிட்டாலும் புது மெஷின்கள் பலவற்றில் அது தானாகவே ஓடிக்கொண்டிருக்கும். தங்கச்சியின் புராஜெக்ட் ஃபைல்கள் இந்த ஒரு சீட்டால் தப்பின.

டி480 வைத்திருப்பவர்கள் கவனிக்க: பின்பக்க பேட்டரியைக் கழற்றியதும் கரண்ட் போய்விட்டது என்று நினைக்காதீர்கள், உள்ளே இன்னொரு பேட்டரி இருக்கிறது. மெஷின் ஓடும் நிலையில் இருந்தால் பயாஸில் பவர் பகுதிக்குப் போய் உள் பேட்டரியை முடக்கிவிட்டுத் திறங்கள். செத்த மெஷின் என்றால் திறந்ததும் முதல் வேலையாக அந்த பேட்டரி கனெக்டரைப் பிடுங்குங்கள். ஸ்க்ரூ டிரைவர் தவறி விழுந்து நல்ல போர்டும் போன கதைகளை சர்வீஸ்காரர்கள் நிறையச் சொல்வார்கள்.

மாட்டியதும் திங்க்பேட்டில் 2200, 2201 என்ற எண்ணோடு பிழை வந்தால் பதற வேண்டாம். சீரியல் எண்ணும் அடையாள எண்ணும் புது போர்டில் எழுதப்படவில்லை என்று அர்த்தம், சர்வீஸ்காரர் எழுதிக் கொடுப்பார். எச்பியிலும் இதேபோலத் தயாரிப்பு விவரம் இல்லை என்று வரும். கூலி பேசும்போதே இதையும் சேர்த்துப் பேசுங்கள். விண்டோஸ் உரிமம் பழைய போர்டோடு கட்டப்பட்டது, ஆக்டிவேஷன் போயிருக்கிறதா என்று பாருங்கள். பிறகு பயாஸ், தண்டர்போல்ட் ஃபர்ம்வேர் இரண்டையும் புதுப்பியுங்கள், பேட்டரி முழு சார்ஜில் இருக்கும்போது, சார்ஜரும் செருகியபடி, கரண்ட் நிலையாக இருக்கும் நேரமாகப் பார்த்து.

டெஸ்டிங் வாரண்டி முடிவதற்குள் தினம் இரண்டு மணி நேரமாவது ஓட்டுங்கள். எங்களுக்குக் கிடைத்தது 15 நாள். பழைய போர்டைக் குப்பையில் போடாதீர்கள், அதில் நல்ல ஐசிகள் இருக்கும். எங்கள் சர்வீஸ்காரரே அதை 600 ரூபாய்க்கு எடுத்துக்கொண்டார்.